பழைய சொகுசு கார்களில் பழுதறிதல்: வாடையிலிருந்து குறியீடு வரை

பழுதறிதல் என்பது, ஓர் எந்திரம் காட்டும் அறிகுறிகளைக் கொண்டு அதன் கோளாற்றுக்கான காரணத்தைக் கண்டறியும் முறையாகும். கார் தோன்றிய பின் பல பத்தாண்டுகள் இம்முறை முழுக்க மனிதப் புலன்களையே நம்பி இருந்தது. இன்று ஒரு கருவியைச் செருகினால் கோளாற்றின் குறியீடு திரையில் தெரிகிறது. இவ்விரு காலங்களுக்கும் இடையில், ஏறத்தாழ 1970 முதல் 1995 வரை உருவான சொகுசு கார்கள் தனி வகையைச் சேர்ந்தவை. அவற்றில் மின்னணுக் கருவிகள் உண்டு. ஆனால் எல்லாக் கார்களுக்கும் பொதுவான குறியீடு இல்லை. ஆகவே அவற்றைப் பழுது பார்ப்பவர் இன்றும் மூக்கையும் காதையும் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

சொகுசு கார் என்பது ஒரே நாளில் உருவானதன்று. வெப்பமூட்டி, குளிர்சாதனம், மின்னணு எரிபொருள் செலுத்தி, மையப் பூட்டு என ஒவ்வொரு வசதியும் ஒவ்வொரு பத்தாண்டில் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் தனக்குரிய நீர்மத்தையோ வாயுவையோ பொருளையோ காருக்குள் கொண்டுவந்தது. அதனுடன் தனக்குரிய வாடையையும் கொண்டுவந்தது. எனவே பழைய காரில் எழும் ஒரு வாடையின் வரலாற்றை அறிந்தவர், அது எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஓட்டுநரே மெக்கானிக்

கார் ஓட்டுநரைக் குறிக்கும் 'ஷோஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சூடேற்றுபவர் என்பது முதற்பொருள். நீராவி எந்திரத்துக்குத் தீ மூட்டியவரின் பெயர் பின்னர் கார் ஓட்டுநருக்கு ஆகிவந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலையுயர்ந்த கார் வாங்கிய செல்வர்கள் ஷோஃபரையும் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார்கள். காரை ஓட்டுவது அவர் வேலையில் ஒரு பாதிதான். எண்ணெய் இடுவதும் பழுது நீக்குவதும் மறுபாதி. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் ஷோஃபர்களுக்கென்றே பயிற்சிப் பள்ளி நடத்தியது.

அக்காலத்துக் கருவிகள் எளியவை. நீண்ட மரக்கோலின் ஒரு முனையை எஞ்சின்மேல் வைத்து மறுமுனையைக் காதில் ஒற்றினால், எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்பது ஒலியில் தெரியும். 1902இல் பாஷ் நிறுவனப் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற தீப்பொறிச் செருகியையும் உருவாக்கினார். 'ஸ்பார்க் பிளக்' எனப்படும் அச்செருகி பழுதறியும் கருவியாகவும் ஆயிற்று. கழற்றிப் பார்க்கையில் அதன் முனை கருப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. இந்தப் பாடம் இன்றும் மாறவில்லை.

இனிப்பு வாடை

முதற்காலக் கார்கள் வெறும் தண்ணீரால் குளிர்விக்கப்பட்டன. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் அந்நீர் உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும். அதைத் தடுக்க ஆல்கஹால் கலந்தார்கள். ஆனால் அது எளிதில் ஆவியாகிப் போனது. 1920களில் எத்திலீன் கிளைக்கால் என்னும் சேர்மம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உறைநிலையைக் குறைப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துவதால் அது நிலைத்துவிட்டது. இன்று 'கூலன்ட்' என்று கடையில் வாங்குவதில் பெரும்பாலும் இதுவே அடிப்படை.

சூடான கிளைக்காலுக்குப் பாகு காய்வது போன்ற இனிப்பு வாடை உண்டு. காரின் உள்ளே அவ்வாடை வந்தால் முதலில் ஐயுற வேண்டியது, டேஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் வெப்பமூட்டியின் சிறு ரேடியேட்டரை. முன்கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்புப் படலம், முன்னிருக்கையின் காலடி விரிப்பில் ஈரம், கூலன்ட் அளவு மெல்லக் குறைதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஐயம் உறுதியாகும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டார் வெப்பமூட்டியைப் பயன்படுத்துவதே இல்லை. அதனால் அப்படி ஓர் உறுப்பு காரில் இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். கசிவு ஆண்டுக்கணக்கில் தெரியாமல் போகிறது.

கிளைக்கால் சுவையும் இனிப்பானது. ஆனால் கொடிய நஞ்சு. தரையில் சிந்தியதை நாய், பூனை நக்காமலும் குழந்தைகள் தொடாமலும் உடனே கழுவிவிட வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பெட்ரோல் நெடி

பெட்ரோல் ஆவி காற்றில் கலப்பது புகைமூட்டத்துக்கு ஒரு காரணம் என்று அறிந்தபின், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1970ஆம் ஆண்டு மாடல் கார்களில் ஆவியைத் தடுத்துப் பிடிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு அது நாடு முழுவதற்கும் விரிந்தது. தொட்டியிலிருந்து எழும் ஆவியைக் கரித்தூள் நிரம்பிய ஒரு டப்பா உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது அதை இழுத்து எரித்துவிடும். அக்கரி பழுதானாலோ அதன் குழாய் வெடித்தாலோ நெடி வெளியே வரும்.

இங்கே நெடி எப்போது வருகிறது என்பதே முதன்மையான தடயம். பெட்ரோல் நிரப்பிய நாளில் மட்டும் வந்தால் நிரப்புக் குழாயையோ தொட்டியின் மேற்பகுதியையோ பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் வந்தால், இறுகிப்போன ரப்பர் குழாய்களின் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். பின்னிருக்கையில் மட்டும் வந்தால் தொட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1979 முதல் 1991 வரை வெளிவந்த மெர்சிடிஸ் டபிள்யூ 126 வகைக் காரில் பெட்ரோல் தொட்டி பின்னிருக்கையின் முதுகுக்குப் பின்னால் அமைந்துள்ளது.

கார்புரேட்டருக்கு அரை பாருக்கும் குறைவான அழுத்தம் போதும். 1973இல் வந்த பாஷ் கே-ஜெட்ரானிக் செலுத்தியில் பெட்ரோல் ஏறத்தாழ 5 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. கார்புரேட்டர் காரில் சொட்டுச் சொட்டாக ஒழுகும் கசிவு, இங்கே தூவலாகச் சீறிச் சூடான எஞ்சின்மீது விழக்கூடும். ஆகவே இத்தகைய காரில் பெட்ரோல் நெடியைச் 'சிறு கோளாறு' என்ற பட்டியலில் சேர்க்கலாகாது. இந்தியாவில் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டை எட்டி, பின்னர் 20 விழுக்காட்டை நோக்கி உயர்ந்தது. எத்தனால் பழைய ரப்பர் வகைகள் சிலவற்றை உப்பவும் விரியவும் செய்யும். 30 ஆண்டுப் பழமையான குழாயைத் தாங்குகிறதா என்று சோதித்துக்கொண்டிராமல் மாற்றிவிடுவதே முறை.

அழுகிய முட்டை வாடை

இவ்வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு. பழைய காரில் அது இரண்டு இடங்களில் பிறக்கலாம்.

ஒன்று, வினையூக்கி மாற்றி. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய யூஜின் ஹவுட்ரி 1950களில் இதன் முன்னோடி வடிவத்தை உருவாக்கினார். ஆனால் அக்காலப் பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியைக் கெடுத்துவிடும். 1970ஆம் ஆண்டின் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகே நிலைமை மாறியது. 1975 மாடல் கார்கள் முதல் அங்கே வினையூக்கி மாற்றியும் ஈயமற்ற பெட்ரோலும் பரவின. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமாயிற்று. எஞ்சினுக்குப் பெட்ரோல் மிகுதியாகப் போகும்போது, பெட்ரோலில் உள்ள கந்தகம் வினையூக்கியில் ஹைட்ரஜன் சல்பைடாக மாறுகிறது. எனவே வாடை மாற்றியிலிருந்து வந்தாலும் குற்றவாளி பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. ஆக்சிஜன் உணரியோ வெப்ப உணரியோ தவறாகச் சொல்ல, எஞ்சின் மிகையாகக் குடிக்கிறது. காரணத்தைக் காணாமல் விலையுயர்ந்த மாற்றியை மட்டும் புதிதாகப் போட்டால் சில மாதங்களில் அதுவும் கெடும்.

மற்றொன்று, பேட்டரி. அளவுக்கு மீறி மின்னேற்றினால் ஈய-அமில பேட்டரி இதே வாடையை வெளியிடும். சில சொகுசு கார்களில் பேட்டரி பின்னிருக்கைக்கு அடியில் இருப்பதால் வாடை உள்ளேயே நிறைந்துவிடும். இரண்டையும் பிரித்தறிய ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ஒழுங்காக்கி பழுது. அப்போது பேட்டரியிலிருந்து வெடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும் என்பதால் அருகில் தீப்பொறி கூடாது.

ஈர வாடை

காரில் குளிர்சாதனத்தை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம். 1939இல் அறிமுகமான அந்த ஏற்பாட்டில் குளிரூட்டும் சுருள் காரின் பின்பெட்டியில் இருந்தது. அதை நிறுத்த வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, கம்ப்ரசரின் பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். பின்னாளில் சுருள் டேஷ்போர்டுக்குள் இடம்பெயர்ந்தது. காற்றின் ஈரம் சுருளில் நீராகப் படிந்து ஒரு வடிகுழாய் வழியே காருக்கு அடியில் சொட்டும். அக்குழாய் அடைபட்டால் நீர் உள்ளேயே தேங்கும். சுருளில் பூஞ்சை வளர்ந்து, காயாத துணி மூட்டையின் வாடை வரும். மேற்கூரை திறப்பு உள்ள கார்களில் அதன் நான்கு மூலை வடிகுழாய்களும் இவ்வாறே இலைச்சருகால் அடைபடுகின்றன.

அக்கால ஜெர்மானியக் கார்களின் இருக்கைகளில் நுரைப்பஞ்சுக்கு மாறாக, ரப்பர் பாலில் தோய்த்த தென்னை நாரையும் குதிரை மயிரையும் நிரப்பினார்கள். வெயிலில் நின்ற பழைய மெர்சிடிஸ் காருக்குரிய தனி வாடைக்கு இதுவும் ஒரு காரணம். நனைந்த கயிற்றின் வாடையை அறிந்த தமிழர்க்கு, அந்த இருக்கை நனைந்திருப்பதை மோந்தவுடனே சொல்லிவிட முடியும்.

காலடி ஈரத்தின் மூலத்தை அறிய வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பார்க்கலாம். நிறமின்றிக் காய்ந்துபோனால் மழைநீரோ குளிர்சாதன நீரோ ஆகும். பச்சையோ மஞ்சளோ படிந்து பிசுக்காக நின்றால் கூலன்ட்.

கருகலும் கவிச்சியும்

சக்கரத்தின் அருகே கருகல் வாடையும் ஒரு பக்க விளிம்பில் மட்டும் மிகுந்த சூடும் இருந்தால் பிரேக் இறுக்கிப் பிடித்திருக்கிறது. பழைய காரில் பிரேக்கின் ரப்பர் குழாய் உட்புறம் உப்பி ஒருவழி வால்வு போல ஆவது இதற்கு அடிக்கடி காணும் காரணம். காலை எடுத்த பிறகும் அழுத்தம் திரும்புவதில்லை.

மின்கோளாற்றின் வாடை வேறு. சூடேறும் சில பிளாஸ்டிக் பொருள்கள் மீன் கவிச்சி போன்ற வாடை தரும். காரில் மீன் கொண்டு செல்லாத நாளில் அவ்வாடை வந்தால் ஃபியூஸ் பெட்டியையும் விளக்குச் சுவிட்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அக்கால ஐரோப்பியக் கார்களில் இருபுறமும் கூம்பிய ஃபியூஸ்கள் இருந்தன. அவற்றின் முனையில் ஆக்சைடு படிந்தால் ஜன்னல் ஒருநாள் இறங்கும், மறுநாள் இறங்காது. ஃபியூஸைச் சற்றுத் திருகி விட்டாலே வேலை செய்யும். சுத்தம் செய்து புதிதாகப் போட்டால் நிலையாகத் தீரும். அடிக்கடி எரிகிறது என்று கூடுதல் ஆம்பியர் ஃபியூஸைப் போடுவது, காவற்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும்.

ஏறத்தாழ 1992 முதல் 1995 வரை வெளிவந்த மெர்சிடிஸ் கார்கள் பலவற்றில் எஞ்சின் வயர்களின் மேலுறை வெப்பத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது பரவலாக அறியப்பட்ட நிகழ்வு. வயர்கள் ஒன்றோடொன்று உரச, எஞ்சின் குலுங்கும். உணரிகள் பொய் சொல்லும். ஒவ்வோர் உறுப்பாக மாற்றியும் கோளாறு தீராதபோது, இணைப்பின் ரப்பர் மூடியை விலக்கி வயரை வளைத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

பூட்டுக்கும் எஞ்சினுக்கும் உள்ள உறவு

எல்லாக் கோளாறும் மணப்பதில்லை. மெர்சிடிஸ் டபிள்யூ 123 வகை டீசல் கார் 1976இல் அறிமுகமானது. அதில் எஞ்சினோடு சேர்ந்து ஓடும் ஒரு வெற்றிடப் பம்பு பிரேக் உதவிக்கும், மையப் பூட்டுக்கும், சாவியைத் திருப்பியதும் எஞ்சினை நிறுத்துவதற்கும் வெற்றிடம் தருகிறது. கதவுப் பூட்டின் உள்ளே இருக்கும் சிறு ரப்பர் சவ்வு கிழிந்தால், சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பவர் எத்தனை நாள் தேடினாலும் காரணம் அங்கே அகப்படாது. உறுப்புகள் ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்துள்ளன என்ற வரைபடமே இங்கு மூக்கின் இடத்தைப் பிடிக்கிறது.

குறியீட்டின் வருகை

ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1968 மாடல் டைப் 3 கார்களில் பாஷ் டி-ஜெட்ரானிக் மின்னணுச் செலுத்தியைப் பொருத்தியது. 1970களின் தொடக்கத்தில் பணிமனைக் கணினியோடு இணைக்கும் துளையும் அதன் கார்களில் வந்தது. கலிபோர்னியா 1988 மாடல் முதல் காரே தன் கோளாற்றைக் கண்டறிந்து விளக்கெரித்துக் காட்ட வேண்டும் என்றது. ஆனால் துளையின் வடிவமும் குறியீட்டின் பொருளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணி, கையேட்டில் பொருள் காண வேண்டியிருந்தது. 1990களின் மெர்சிடிஸ் கார்களில் எஞ்சின் அறைக்குள் 38 துளைகள் கொண்ட வட்ட இணைப்பான் இருந்தது; அதற்கேற்ற கருவி இல்லாதவருக்கு அது ஊமை.

1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்னும் பொது முறை கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்கு இணையான முறையைக் கொண்டுவந்தது. பி0300 என்றால் எஞ்சினில் எரிதல் தவறுகிறது, பி0420 என்றால் வினையூக்கி மாற்றியின் திறன் குறைந்துள்ளது என்பது எல்லா நிறுவனக் கார்களுக்கும் பொருந்தும். ஆயினும் குறியீடு சொல்வது அறிகுறியை மட்டுமே. பி0420 வந்தவுடன் மாற்றியை மாற்றுவது, காய்ச்சல் வந்தவுடன் வெப்பமானியை மாற்றுவதைவிடச் சற்றே மேலான செயல், அவ்வளவுதான்.

அறிவு யாருக்கு உரியது

மூக்கால் அறிந்த காலத்தில் பழுதறியும் அறிவு யாருக்கும் பூட்டப்படவில்லை. அனுபவம் உள்ள எந்த மெக்கானிக்கும் எந்தக் காரையும் அணுகலாம். குறியீடு வந்தபின் அவ்வறிவு நிறுவனத்தின் கருவிக்குள் அடைபட்டது. தெருமுனைப் பணிமனை விலகிப்போக, உரிமையாளர் நிறுவனப் பணிமனை சொன்ன விலையைக் கொடுக்கும் நிலை வந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் கார் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்குத் தராமல் கட்டுப்படுத்தியதாக 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீடுகள் தொடர்ந்தன என்றாலும், பழுதறியும் அறிவு பொதுவில் இருக்க வேண்டும் என்ற கேள்வி இந்தியாவில் சட்டத்தின் முன் நின்றது.

இன்றைய நடைமுறைக்குச் சில குறிப்புகள்

பழைய சொகுசு காரில் கோளாறு தோன்றினால், உறுப்பின் பெயரை ஊகிப்பதற்கு முன் அறிகுறியை முழுமையாகக் குறித்துக்கொள்வது நலம். வாடை நெடியா, இனிப்பா, கருகலா, கவிச்சியா, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதா, சூடானபோதா, நிற்கையிலா, ஓடுகையிலா, குளிர்சாதனம் இயங்கும்போது கூடுகிறதா என்று எழுதி வைத்தால் பாதிக் காரணங்கள் தாமே விலகிவிடும். அடுத்து, செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ய வேண்டும்: நீர்ம அளவுகள், ஃபியூஸ், மின்னழுத்தம், குழாய்கள், வயர் உறை. பாகங்களை மாற்றுவது கடைசி. ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றினால் எது காரணம் என்பது என்றுமே தெரியாது.

மூக்குக்கும் குறை உண்டு. ஒரே வாடையில் சிறிது நேரம் இருந்தால் அது நமக்குத் தெரியாமல் போகும். ஆகவே தினமும் ஓட்டுபவரைவிட, எப்போதாவது ஏறுபவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம். எல்லாவற்றிலும் கொடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. புகைக்குழாயில் ஓட்டை விழுந்தாலோ பின்கதவு ரப்பர் சிதைந்தாலோ உள்ளே வரும் புகையில் நாம் மோப்பது மற்ற வாயுக்களை. கொல்வது மோக்க முடியாத ஒன்றை. எனவே காருக்குள் புகை வாடையோடு தலைவலியோ மயக்கமோ தோன்றினால், காரணத்தைத் தேடிக்கொண்டிராமல் வண்டியை நிறுத்தி, கதவுகளைத் திறந்து, எல்லாரும் வெளியே இறங்கிவிட வேண்டும். பழுதறிதலை அதன்பிறகு தொடங்கலாம்.